கதிருக்கு ஒரு மனு

எங்கள் ஊருக்குச் செல்போன் டவர் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது அக்காவுக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே. இரண்டாவது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு. அதனால் அந்த மார்கழியில் எந்தச் செய்தியைக் கேட்டாலும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போய்விடும்.

எரியோட்டுக்கும் வேடசந்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் மில் வேலை. அக்காவை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் வீடு கீழ்க்கோடி, அவள் வாழப்போன வீடு மேல்கோடி. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை.

மச்சான் லாரி ஓட்டினார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போனால் திரும்ப மூன்று நாள் ஆகும். செல்போன் மலிந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தனக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வாங்கியிருந்தார். ஆனால் ஊருக்குள் சிக்னல் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பாதி ஏறி, எரியோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். மாசமாக இருக்கிற அக்கா ஏற முடியாது. அவளுடைய மாமியார், எனக்கு அத்தை முறை, ஏறவே மாட்டாள். நான் ஏறுவேன். அத்தை கீழே நின்றுகொண்டு கத்துவாள்.

"சாப்டானான்னு கேளு. காலு வீக்கம் வத்துச்சான்னு கேளு. என்ன சொல்றான்?"

"கட்டாயிருச்சுத்தே."

"இதுக்கு ஒரு லெட்டரு போட்டுருந்தா அவனே வந்து படிச்சிருப்பான்."

ஆகவே டவர் வருகிறது என்றதும் ஊரில் யாரும் வருத்தப்படவில்லை. அத்தைதான் முதலில் சந்தோஷப்பட்டாள். அது எங்கே வருகிறது என்று தெரிகிறவரைக்கும்.

அக்கா வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு காலி இடம் கிடந்தது. கருவேலம் மண்டிய இடம். ஒரு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவருடைய பூமி அது. ஒருநாள் காலையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். மறுநாள் டேப்போடு வந்து அளந்து சுண்ணாம்புப் பொடியால் சதுரம் போட்டுவிட்டுப் போனார்கள். மேஸ்திரிக்கு மாத வாடகை என்று சொன்னார்கள். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து அக்கா படுக்கிற அறையின் ஜன்னல் வரைக்கும் எட்டு வைத்துப் பார்த்தேன். பதினோரு எட்டு.

"ஏன்டா எண்ணிப் பாக்குற?" ஜன்னலுக்கு உள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"சும்மாதான்."

"சும்மா எவனாச்சும் எட்டு எண்ணுவானா?"

அவளுக்குப் பயம் வந்ததற்கு நானும் ஒரு காரணம். அதற்கு ஒரு மாதம் முன்னால் திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுக்க நான்தான் கூட்டிப்போனேன். பெஞ்சில் காத்திருந்தபோது எதிரே இருந்த கதவில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு படம் போட்டு, கீழே எழுதியிருந்தது. அக்கா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எங்கள் வீட்டில் போனது நான் ஒருவன்தான். எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவளுக்கு ஒரு பழக்கம். பஸ்ஸில் போனால் சுவர் விளம்பரம் ஒன்று விடாமல் படித்துக்காட்ட வேண்டும்.

"என்ன போட்டுருக்கு?"

"எச்சரிக்கை. கதிர்வீச்சுப் பகுதி. கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது."

"நாமளா?"

"நாம இல்லக்கா. அது எக்ஸ்ரே ரூமு. உனக்கு எடுக்கிறது வேற."

அவள் பெஞ்சை விட்டு எழுந்து அந்தக் கதவுக்கு எட்டத்தில், குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கூப்பிடும்வரை உட்காரவே இல்லை.

சுண்ணாம்புச் சதுரத்தைப் பார்த்த அன்று அவள் கேட்டது ஒரே கேள்வி. "அந்தக் கதவுல போட்டிருந்துச்சே, அது மாதிரிதானா இதும்? கண்ணுக்குத் தெரியாம வர்றதுதானே ரெண்டும்?"

நான் படித்தது பி.ஏ. வரலாறு. ஆனால் எங்கள் தெருவுக்குப் படிப்பு என்றால் ஒன்றுதான், அதில் பிரிவெல்லாம் கிடையாது. மாட்டுக்குக் கழிச்சல் என்றாலும் என்னிடம் கேட்பார்கள், ரேஷன் கார்டில் பெயர் தப்பு என்றாலும் என்னிடம் கேட்பார்கள். நானும் தெரியாது என்று சொல்லிப் பழகாதவன். டவரால் கெடுதி உண்டு என்று பேப்பரில் எப்போதோ படித்தது நினைவில் இருந்தது. "அதும் ஒருவகைக் கதிர்வீச்சுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் பூராவும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாதாந்திரச் சோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டோம். அவர் சிரித்தபடி அதெல்லாம் ஒன்றும் ஆகாது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "ஒண்ணும் ஆகாதுன்னுதான் போன தடவையும் சொன்னாங்க."

வேறு இடத்தில் டவரைப் போடச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'ரேடியேஷன்' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனுவில் ஆங்கிலம் கலக்கப் பிடிக்கவில்லை. ஸ்கேன் சென்டர் கதவில் பார்த்த சொல்லையே போட்டேன். 'மேற்படி கோபுரத்திலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சினால் கர்ப்பிணிப் பெண்களும் குழந்தைகளும் பாதிக்கப்படுவார்கள் என அஞ்சுகிறோம்.' எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது, எனக்கே என் தமிழ் பிடித்திருந்தது.

கையெழுத்து வாங்கத்தான் முடியவில்லை. வீடு வீடாகப் போனேன். "உங்க அக்காவுக்குன்னா தனியா எழுதிக் குடேன்ப்பா, எங்கள ஏன் இழுக்கிற?" என்றார் ஒருவர். "டவரு வந்தா நாங்க ஏணி ஏற வேணாம்ல?" என்றார் இன்னொருவர். அதில் நியாயம் இருந்தது. மூன்று நாளில் ஒன்பது கையெழுத்து. அதில் நாலு எங்கள் வீடும் அக்கா வீடும்.

சீனி போடுகிற நாளில் ரேஷன் கடை முன்னால் கூட்டம் இருக்கும், அங்கே வைத்துப் படித்துக் காட்டு என்று அப்பா சொன்னார். போனேன். வரிசையில் நின்றவர்கள் பையைத் தலைக்கு மேலே வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நான் நிறுத்தி நிதானமாக, மேடையில் பேசுவதுபோலப் படித்தேன். 'கோபுரத்திலிருந்து வெளிப்படும் கதிர்... வீச்சினால்' என்று நான் மூச்சு விட்ட இடத்தில், முன்னால் நின்ற பெரியவர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏலே, செத்த நேரம் நிறுத்து. என்னமோ கதிருன்னியே?"

"ஆமா மாமா. கதிர்வீச்சு."

"கதிரு வீச்சமடிக்குமா?"

சோளம் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. ஊரைச் சுற்றி எந்தத் திசையில் திரும்பினாலும் கதிர்தான். எங்கள் ஊரில் கதிர் என்றால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. வீச்சம் என்றால் மூக்கைப் பிடிக்கிற நாற்றம்.

"வீச்சமடிச்சா மாடு சோளத்தட்டையத் தொடாதேப்பா" என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண்.

"தட்டை கிடக்கட்டும். கதிர யாரு வாங்குவா?"

"அதான், அந்தப் பக்கம் எங்கயோ டவரு போட்ட காட்டுல அம்புட்டும் மணி பிடிக்காம சாவியாப் போச்சாம்ல. எங்க கொழுந்தன் சொன்னாப்ல."

"இத மொதல்லயே சொல்ல வேணாமாப்பா? கர்ப்பிணி கர்ப்பிணின்னு என்னமோ படிச்சிக்கிட்டு இருக்க."

நான் வாயைத் திறந்தேன். அது அந்தக் கதிர் இல்லை, இது வேறு என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் பெரியவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை திரும்பியது. சீனிக்கு நின்ற வரிசை அப்படியே மனுவுக்கு நின்றது. கைநாட்டு வைக்கிறவர்களுக்குக் கடைக்காரர் தன் ஸ்டாம்ப் பேடை எடுத்து நீட்டினார். மூன்று நாள் அலைந்து கிடைக்காதது முக்கால் மணி நேரத்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதைவிட வேடிக்கை, டவருக்கு இடம் கொடுத்த மேஸ்திரியே வந்ததுதான். அவருக்கும் தெற்கே ரெண்டு ஏக்கர் சோளம் நின்றது.

"என் பேரையும் எழுதிக்கப்பா."

"நீங்கதானே பெரியப்பா இடம் குடுத்தீங்க?"

"டவரு வேணாம்னா சொல்றேன்? கதிருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே சொல்றோம். அத எழுது, கையெழுத்துப் போடுறேன்."

அத்தையும் அன்று அந்த வரிசையில்தான் நின்றாள். சீனியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

கதிரை மேலே போடச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தினார்கள். வீட்டுக்கு வந்து சுத்தமாக வேறொன்று எழுதினேன். 'பொருள்' என்று மனுவின் தலையில் ஒரு வரி வருமே, அங்கே 'செல்போன் கோபுரத்தால் சோளக் கதிருக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் ஏற்படும் பாதிப்பு' என்று போட்டேன். கர்ப்பிணிப் பெண்கள் ஏழாவது வரிக்குப் போனார்கள். மனதுக்குச் சமாதானமாக ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்: எதற்காக என்றால் என்ன, டவர் தள்ளிப் போனால் சரி.

திங்கட்கிழமை திண்டுக்கல்லில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். தலைகள் கடல்போல இருந்தன. முதல் மேஜையில் இருந்தவர் ஒவ்வொரு மனுவிலும் 'பொருள்' வரியை மட்டும் பார்த்து எந்த இலாகா என்று மேலே எழுதித் தந்துகொண்டிருந்தார். அத்தனை மனுவுக்கு அவரால் அவ்வளவுதான் முடியும்.

"விவசாயமா தம்பி?"

"ஆமா சார். அதோட..."

"அந்தக் கடைசி மேஜை."

ஆமா சார் என்று சொன்னது நான்தான்.

பத்து நாள் கழித்து வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். இளவயதுக்காரர், பொறுமைசாலி. ஊரே திரண்டு போய் அவரைக் காட்டுக்குள் கூட்டிப்போனது. அவர் ஒரு கதிரை ஒடித்தார். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"வீச்சம் எதுவும் இல்லையே?"

"இன்னும் டவரு நிக்கலீங்க சார். நின்னாத்தானே வரும்" என்றார் ரேஷன் கடையில் முதலில் பேனாவை வாங்கிய பெரியவர்.

அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, டவரால் கதிருக்கு நாற்றம் வருவதாக எங்கேயும் இல்லை, ஆனால் கதிர் நாவாய்ப்பூச்சி ஏறியிருக்கிறது, அதைக் கவனியுங்கள் என்று சொன்னார். கதிரை ஒரு தாள் மேல் தட்டிப் பூச்சியையும் காட்டினார். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி என்னிடம்தான் தந்தார். ஊருக்கு ஏகத் திருப்தி. மனுக் கொடுத்தால் ஆபீசர் காட்டுக்கே வருகிறார் என்பதை அதற்குமுன் யாரும் கண்டதில்லை.

"நீ நல்லா எழுதியிருக்கப்பா" என்று என் முதுகில் தட்டினார்கள்.

அடுத்த வாரமே தபாலில் பதிலும் வந்தது. தங்கள் மனு ஏற்கப்பட்டு உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.

கதிருக்கு ஆபத்து இல்லை என்று ஆனதும் டவருக்கு எதிராகப் பேச ஊரில் ஆளில்லை. நான் இன்னொரு மனுவைத் தூக்கிக்கொண்டு போனபோது, "அதான் ஆபீசரே சொல்லிட்டாருல்ல?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர் சொன்னது கதிருக்கு, நான் கேட்பது பிள்ளைக்கு என்று இப்போது எப்படிச் சொல்வது? அன்றைக்கு ரேஷன் கடை முன்னால் சொல்லியிருக்க வேண்டியது அது.

தை பிறந்ததும் குழி தோண்டினார்கள். கம்பி கட்டுகிற வேலையைப் பார்த்தவர் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். போய் அவரிடமும் கேட்டேன், இதனால் பிள்ளைத்தாச்சிக்குக் கெடுதல் உண்டா என்று.

"எனக்கெங்கீங்க தம்பி தெரியும்? கம்பிய நட்டுக் குடுத்தா நம்ம வேலை முடிஞ்சுதுங்க. மேல டப்பா மாட்டறது வேற ஆளுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏனுங்க, அப்படியேதாச்சும் இருக்குதுங்களா? என்ற சம்சாரமும் மாசமாத்தான் இருக்குது" என்று திருப்பி என்னைக் கேட்டார்.

அவருக்கும் நான் படித்தவனாகத்தான் தெரிந்தேன்.

அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். அந்த ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைத் திணித்து வைத்திருந்தாள். குழியில் கான்கிரீட் போடுகிற மிஷின் ஓடினால் சுவர் அதிரும். அவள் எழுந்து தெருவுக்கு வந்துவிடுவாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, தாய்வீட்டார் முறையோடு வந்து கூட்டிப்போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆறாம் மாதத்தில், அதுவும் இரட்டைப்படை மாதத்தில், வளைகாப்பு இல்லாமல் பெண் தாய்வீட்டுக்கு நடந்தால், மாமியாரோடு சண்டை என்று ஊர் ஒரே நாளில் முடிவுகட்டிவிடும். அம்மாவுக்கே அது பயம். "இன்னும் ஒரு மாசம்தானே, பல்லக் கடிச்சுக்க" என்றாள்.

அக்கா எனக்கு ஆள்விட்டாள். நான் போனபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அத்தை வெஞ்சனச் சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். சுற்றி வளைக்காமல் அத்தைதான் ஆரம்பித்தாள்.

"இந்தா பாரப்பு. உங்க அக்கா போறேங்குறா. போகச் சொல்ல நான் யாரு, இருக்கச் சொல்ல நான் யாரு? ஆறாம் மாசத்துல போனா மாமியா வெரட்டிட்டான்னு நாலு பேரு நாக்குல போட்டு மெல்லுவான். அது எனக்கு. மூணாவது தடவையா ஏதாச்சும் ஆனா அது அவளுக்கு. நீ ரெண்டு எழுத்துப் படிச்சவன். அந்த டவரு பிள்ளைத்தாச்சிக்கு ஆகும், இல்ல ஆகாது. ஒரு வார்த்தை சொல்லு. ஆகாதுன்னு சொன்னியன்னா நானே கொண்டாந்து விடுறேன்."

அக்கா என்னையே பார்த்தாள். அவள் எதிர்பார்ப்பது எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆகாது என்று சொன்னால் அக்கா வந்துவிடலாம். அதைச் சொல்வது சுலபம்தான். ஆனால் ஒருமுறை தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லித்தான் அவள் ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடக்கிறாள். இன்னொருமுறை வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடித்தான் மனு காட்டுக்குப் போனது. திண்டுக்கல் நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்து தேடியிருந்தேன். கெடுதி என்று ஒன்று சொன்னது. இல்லை என்று இன்னொன்று சொன்னது. எதை நம்புவதென்று எனக்குப் பிடிபடவில்லை.

"தெரியலத்தே" என்றேன்.

"என்னது?"

"எனக்குத் தெரியல. ஆகுமா ஆகாதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. முன்னாடி சொன்னதும் தெரியாமச் சொன்னதுதான்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "மனுவுல எழுதுன கதிரும் நம்ம சோளக்கதிரு இல்ல. எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நான் தெரிஞ்சே சும்மா இருந்துட்டேன்."

அத்தை சட்டியைக் கீழே வைத்தாள். கோபப்படப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"ஏலே, அம்புட்டுக்கூடத் தெரியாமயா நாப்பது வருசமா சோளம் அறுக்கேன்? ஒரு கம்பிய நட்டா கதிரு நாறுமா? நீ சும்மா நின்னதையும் பாத்துக்கிட்டுதான் நின்னேன். வீட்டுப் பிள்ளைக்குன்னா எவன் வருவான்? கதிருக்குன்னா வருவான். சரி, ஆனது ஆகட்டும்னு விட்டேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். "இவனுக்கே தெரியலையாம்டீ."

"அப்ப நான் இருக்கணுமா?" அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு? தெரியாத எடத்துல எதுக்குப் பிள்ளைத்தாச்சிய வச்சிக்கிட்டு உக்காந்துருக்கணும்? எடு துணிய."

அன்றைக்கே, வெயில் தாழ்வதற்குள், அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். துணிமூட்டையை என்னிடம் தரவில்லை. தானே இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வேண்டுமென்றே கடைவீதி வழியாகப் போனாள். கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னாள். கேட்காதவர்களையும் விடவில்லை.

"டவரு வேலை நடக்குதுல, அதிருது. அதான் நானே கொண்டுபோய் விடுறேன். வளைகாப்பு அடுத்த மாசம், வந்துருங்க."

மாசியில் வளைகாப்பு அக்காவின் தாய்வீட்டிலேயே நடந்தது. வழக்கத்துக்கு மாறாக, மாமியார் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து வளையல் போட்டார்கள். அதைப் பற்றி ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். பங்குனியில் டவரின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏற ஆளில்லாமல் போயிற்று. எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தபடி அக்கா மச்சானோடு பேசினாள். பேசும்போது போனைக் காதோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்துவாள். அதனால் அவர்கள் பேசுவதெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை சற்றுக் குறைவு, மற்றபடி குறையில்லை. ஊரில் டவரை மறந்துவிட்டார்கள். அக்கா மறக்கவில்லை. ஆடி கழிந்து ஆவணியில் குழந்தையோடு புகுந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நாள் நெருங்க நெருங்க அவள் பேச்சு குறைந்தது. என்னிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. நான் தெரியாது என்று சொன்னவன், அதனால் கேட்க ஒன்றுமில்லை. அது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை கூட்டிக்கொண்டு போனோம். குழந்தை அம்மா கையில், பை என் கையில். மேல்கோடிக்குத் திரும்பியதும் டவர் தெரிந்தது. அக்கா முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள்.

அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். உள்ளே போனதும் அக்கா வழக்கம்போல மேற்கு அறைப் பக்கம் திரும்பினாள். மச்சான் லாரி ஓட்டிச் சேர்த்து, கல்யாணத்துக்குத் தளம் போட்டுக் கட்டிய புது அறை அது. டவரை ஒட்டியதும் அதுதான். கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றாள். உள்ளே அடுப்பு இருந்தது. விறகுக் கட்டு, அரிசிப் பானை, மிளகாய் டப்பா, எல்லாம். வெள்ளையடித்த புதுச் சுவரில் அதற்குள் புகை ஏறியிருந்தது.

"அங்கிட்டு என்ன பாக்குற? இங்கிட்டு வா" என்றாள் அத்தை கிழக்கே இருந்து.

கிழக்குக் கடைசியில் இருந்த பழைய ஓட்டுச் சாய்ப்பு, இத்தனை வருடம் சமையல் நடந்த இடம், கழுவிக் காயவைத்து இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கட்டில் அங்கே கிடந்தது. சுவர்தான் வெளுத்திருந்தது. மேலே ஓட்டைத் தாங்குகிற கைமரமெல்லாம் புகையேறிக் கரிக்கட்டை நிறம்.

"என்னத்தே இது?" என்றேன் நான். "புது ரூம்ல போயி அடுப்பப் போட்டுருக்கீங்க. மச்சான் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் வாரத்துக்கு ரெண்டு நாளு இருக்கிறவன். அவனுக்கென்ன?"

"அதுக்கும் இதுக்கும் என்னத்தே தூரம்? நாலு எட்டுதானே."

"நாலு எட்டுன்னாலும் தள்ளித்தானே?" என்றாள். "அந்தச் சுவத்துல வர்றது வந்தா சமைக்கிற எனக்கு வரட்டும். நான் இனி எங்க பெத்துக்கிடப்போறேன்?"

அக்கா உள்ளே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து, பழைய வேட்டியைக் கைமரத்தில் போட்டுத் தொட்டில் கட்டச் சொன்னாள். நான் கட்டிலின் மேலேறி நின்று கட்டினேன். அவள் முடிச்சைப் பிடித்து இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். அந்த அசைப்பில் மரத்திலிருந்து கரி பொலபொலவென்று உதிர்ந்து வேட்டியிலும் அவள் முகத்திலும் விழுந்தது.

"ஐயய்யோ, பிள்ளை மூஞ்சில விழுமே!" என்று மேலே பார்த்தாள் அக்கா.

"கரிதானடீ. தொடச்சாப் போச்சு" என்றாள் அத்தை.

அக்கா நாற்காலியைக் கேட்டாள். நான் ஏறுகிறேன் என்றேன், விடவில்லை. ஈரத்துணியோடு தானே ஏறி, தொட்டிலுக்கு மேலே இருந்த கைமரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, துணியை மாற்றி மாற்றி, மரத்தின் நிறம் தெரிகிறவரைக்கும் துடைத்தாள்.